ஒரு ஹெக்டேரில் அறுநூறு வகை மரங்கள்: வெப்பமண்டலத்தின் உயிர்ச் செழிப்புக்குக் காரணம் என்ன?

ஈக்வடாரின் யசூனி தேசியப் பூங்காவில் தாவரவியலாளர்கள் காட்டின் ஒரு பகுதியை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள தண்டு ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு மாட்டி, அது என்ன மரம் என்று பொறுமையாக இனங்கண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஹெக்டேர் நிலத்தில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், 600க்கும் மேற்பட்ட வகை மரங்களும் குறுமரங்களும் நிற்கின்றன. 25 ஹெக்டேருக்கு எண்ணினால் 1,100ஐத் தொடுகிறது. ஐரோப்பாவின் ஈரமான மிதவெப்பக் காடுகள் அத்தனையையும் சேர்த்தாலும், பலரும் மேற்கோள் காட்டும் ஒரு கணக்கெடுப்பின்படி, மர இனங்கள் 124 மட்டுமே. அதற்கும் வடக்கே, கனடாவிலோ சைபீரியாவிலோ நாள் முழுக்கக் காட்டுக்குள் நடந்தாலும் ஸ்புரூஸ், பைன், லார்ச், பிர்ச் என்று விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம்.

மரங்களோடு இது நிற்பதில்லை. பெரு நாட்டின் மழைக்காட்டில் ஒரே ஒரு மரத்திலிருந்து எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் 43 வகை எறும்புகளைப் பிரித்தெடுத்தார். பிரிட்டிஷ் தீவுகள் முழுவதிலும் உள்ள எறும்பு இனங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அவ்வளவுதான். உலகில் உள்ள ஏறக்குறைய 11,000 பறவை இனங்களில் 1,800க்கும் மேற்பட்டவற்றைக் கொலம்பியா என்ற ஒரே நாட்டில் பார்க்கலாம். பறவை, தவளை, பட்டாம்பூச்சி, பவளம், பூக்கும் தாவரம் என்று எதை எடுத்தாலும், துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வர வர வகைகள் கூடுகின்றன. 2004இல் ஹெல்முட் ஹில்லெப்ராண்ட் இப்படிப்பட்ட ஏறக்குறைய 600 தரவுத்தொகுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இந்தப் போக்கு உறுதியானது.

1799 முதல் 1804 வரை அமெரிக்கக் கண்டங்களில் பயணம் செய்த ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் காலத்திலேயே இது கவனிக்கப்பட்டுவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே விடை கிடைக்கவில்லை. முன்வைக்கப்பட்ட கருதுகோள்கள் முப்பதைத் தாண்டும். விடை பல இழைகளால் ஆனது என்பது உண்மைதான். ஆனால் எல்லா இழைகளுக்கும் ஒரே வலிமை என்று சொல்லிக் கைகழுவிவிட முடியாது. இன்றைய வெயிலையும் மழையையும்விட, பல கோடி ஆண்டுகளில் எந்த நிலத்தில் எவை பிழைத்தன, எவை அழிந்தன என்ற பழங்கணக்கே இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. அது ஏன் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

வெயில், மழை, விளைச்சல்

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: அங்கே ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் உண்டு, செடிகொடிகள் செழிக்கின்றன, உணவு ஏராளம், ஆகவே உயிரினங்களும் ஏராளம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து எவ்வளவு தாவர உற்பத்தியைத் தாங்கும் என்று கணக்கிட்டால், பல உயிரினக் குழுக்களில் இனங்களின் எண்ணிக்கை அதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இருந்தும் இந்தப் பதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. விளைச்சல் கூடினால் உயிர்களின் எண்ணிக்கை கூடும். வகைகள் ஏன் கூட வேண்டும்? கிடைக்கும் உணவு முழுவதையும் வலுவான ஓர் இனமே வளைத்துக்கொண்டு பெருகிவிடலாமே! இது வெறும் தர்க்கம் அன்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் புல்வெளிச் சோதனை ஒன்று உண்டு. உரமே இடாத பாத்திகளில் ஏறக்குறைய 40 வகைத் தாவரங்கள் கலந்து வளர்கின்றன. தழைச்சத்தை மிகுதியாகக் கொட்டிய பாத்திகள் சிலவற்றில் விளைச்சல் பெருகியது, ஆனால் இரண்டு மூன்று வகைப் புற்களைத் தவிர மற்றவை காணாமல் போயின. வளம் கூடியதால் வகை குறைந்த கதை இது.

ஆக, வெப்பமும் நீரும் இடத்தைத் தருகின்றன. அந்த இடம் ஒரே இனத்தின் கைக்குப் போகாமல் ஆயிரம் இனங்களுக்குப் பங்கிடப்படுவதை அவை விளக்குவதில்லை.

வெப்பம் வேறொரு வகையில் நிச்சயமாக வேலை செய்கிறது. உறைபனி ஒரு கடுமையான வேலி. பனைக் குடும்பத்தைப் பாருங்கள். பெரும்பாலான பனைகளில் ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்துதான். அது ஓயாமல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பிர்ச்சையோ ஓக்கையோ போல இலையுதிர்த்து, மொட்டுகளை இறுக மூடிக்கொண்டு, குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும் ஏற்பாடு பனையிடம் இல்லை. நீர் நிறைந்த அந்தக் குருத்து உறைந்தால் மரம் முடிந்தது. உலகில் ஏறக்குறைய 2,500 பனை இனங்கள் இருக்க, ஐரோப்பாவுக்கு இயல்பாக உரியவை இரண்டே இரண்டு, அவையும் மத்தியதரைக் கடலோரத்தில். குளிரைத் தாங்கும் உடலமைப்பு எளிதில் வாய்ப்பதில்லை. பரிணாமத்தில் சில கிளைகளுக்கு மட்டுமே, அதுவும் அபூர்வமாக அது கிடைத்திருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் பிறந்த வெப்பத்திலேயே தங்கிவிட்டன. இந்த இடத்தில்தான் கேள்வி பருவநிலையை விட்டு வரலாற்றுக்குள் நுழைகிறது.

பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு

ஓர் ஊரின் மக்கள்தொகை கூடக் காரணம் மூன்றே மூன்றுதான்: பிறப்பு மிகுதியாக இருக்கலாம், இறப்பு குறைவாக இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து வந்து குடியேறுவோர் அதிகமாக இருக்கலாம். ஒரு நிலப்பகுதியின் இனங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். புது இனங்கள் பிரியும் வேகம், இருக்கும் இனங்கள் அற்றுப்போகும் வேகம், வந்து போகும் இனங்கள், இவற்றைத் தவிர நான்காவது வழி இல்லை. வெயில், பரப்பளவு, எதிரிகள், மலைகள் என்று எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது இம்மூன்றில் ஒன்றை எப்படி மாற்றுகிறது என்று கேட்டாக வேண்டும். முப்பது கருதுகோள்களின் குழப்பத்தில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தது. தாவரப் பரிணாமவியலாளர் லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் 1974இல் இதைக் கூர்மையாகக் கேட்டார்: வெப்பமண்டலம் புது இனங்களின் தொட்டிலா, பழைய இனங்களைக் காக்கும் அருங்காட்சியகமா?

அழிவின் கணக்கு

இறப்பிலிருந்து தொடங்குவோம், சான்றுகள் இங்கேதான் அழுத்தமாக இருக்கின்றன. இயற்கைத் தேர்வை டார்வினோடு ஒரே காலத்தில் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1878இலேயே இதை எழுதிவிட்டார். வட நிலங்களில் பனியுகங்கள் வந்து வந்து உயிர்களின் வளர்ச்சியைத் துண்டித்தன, நிலநடுக்கோட்டுப் பகுதியிலோ பரிணாமம் இடையூறின்றித் தொடர்ந்தது என்பது அவருடைய வாதம்.

ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி இன்றைவிட மிகவும் வெப்பமாக இருந்தது. இன்று குளிரில் விறைக்கும் அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் அப்போது பனைகள் வளர்ந்தன. ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் முதலை இனத்தாரும் ஆமைகளும் வாழ்ந்ததற்குப் புதைபடிவங்கள் சாட்சி. வெப்பமண்டலத் தன்மையுள்ள உயிரினங்கள் பூமியின் பெரும்பரப்பை ஆண்ட காலம் அது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்டிகாவில் பெரும்பனிப் பாளம் உருவாகத் தொடங்கியது. அதன்பின் பூமி படிப்படியாகக் குளிர்ந்தது. கடைசி 26 லட்சம் ஆண்டுகளில் பனியுகங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட வட அமெரிக்காவின் வடபாதியும் வட ஐரோப்பாவும் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தன. சில இடங்களில் அதன் தடிமன் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. அந்த நிலங்களில் இன்று நாம் காணும் காடுகள் யாவும் அதன்பிறகு தெற்கிலிருந்து மீண்டு வந்தவை.

பருவநிலையா, வரலாறா என்ற வழக்கைத் தீர்க்க இயற்கையே ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கிறது. கிழக்கு ஆசியா, கிழக்கு வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான மிதவெப்ப ஈரக் காடுகள் இருக்கின்றன. ரோஜர் லேத்தமும் ராபர்ட் ரிக்லெஃப்ஸும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி மர இனங்கள் கிழக்கு ஆசியாவில் 729, கிழக்கு வட அமெரிக்காவில் 253, ஐரோப்பாவில் 124. வெயிலும் மழையும் மட்டுமே காரணமென்றால் இந்த மூன்று எண்களும் அருகருகே இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் நடந்தது என்னவென்று புதைபடிவங்கள் சொல்கின்றன. மேக்னோலியா, துலிப் மரம், ஹிக்கரி ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் அங்கே வளர்ந்தவைதான். குளிர் இறங்கியபோது விதைகள் வழியாகத் தெற்கே நகர்ந்தன. ஆனால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கு மேற்காகக் குறுக்கே கிடக்கிறது, அதற்கப்பால் மத்தியதரைக் கடல். தப்பிக்க வழியின்றி அவை அங்கே அற்றுப்போயின. வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. மரங்கள் அவற்றின் ஓரமாகவே தெற்கே இறங்கி, பனி விலகியதும் திரும்பி வந்தன. அதனால் மேக்னோலியாவும் துலிப் மரமும் ஹிக்கரியும் அங்கே இன்றும் நிற்கின்றன. கிழக்கு ஆசியாவில் பெரும்பனிப் பாளமே இல்லை. அதோடு வெப்பமண்டலம் வரை இடைவெட்டின்றி காடு தொடர்ந்தது. உலகின் பிற பகுதிகளில் மறைந்துவிட்ட கிங்கோ மரம் சீனாவில் பிழைத்ததும் இதனால்தான். இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் குறைவு என்பேன்.

வெப்பமண்டலத்துக்குள்ளும் இதே பாடம் உண்டு. ஆப்பிரிக்க மழைக்காடுகளில் மர வகைகள் அமேசானையும் தென்கிழக்கு ஆசியாவையும்விடக் குறைவு. பனியுகங்களின் போது ஆப்பிரிக்காவில் வறட்சி கடுமையாகிக் காடுகள் சுருங்கின என்பதே இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம். மறுபுறம், சைபீரியாவின் பைக்கால் ஏரியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஏரி அது. ஆனால் அதன் வயது ஏறக்குறைய 2.5 கோடி ஆண்டுகள். இறாலுக்கு உறவான கூனிகள் மட்டுமே அங்கே நூற்றுக்கணக்கான இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. வேறெங்கும் இல்லாதவை அவை. பனிப்பாளம் விலகிய பிறகு உருவான கனடாவின் பெரிய ஏரிகளில் அப்படிப்பட்ட செழிப்பு கிடையாது. காலமும் தொடர்ச்சியும் வாய்த்தால் குளிரிலும் வகைகள் பெருகும் என்று பைக்கால் காட்டுகிறது.

பரப்பளவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் பூமியின் மேற்பரப்பில் 40 விழுக்காடு அடங்குகிறது. வடக்கு, தெற்கு வெப்பமண்டலங்கள் நிலநடுக்கோட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, மிதவெப்பமண்டலங்களோ பூமியின் இரு முனைகளில் பிரிந்து கிடக்கின்றன. பரந்த நிலத்தில் பரவிய இனம் எளிதில் அழியாது. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. வடக்கின் ஊசியிலைக் காடும் உறைநிலப் புதர்வெளியும் சேர்ந்தால் பரப்பு கொஞ்சமல்ல, வகைகளோ மிகக் குறைவு.

பிறப்பின் கணக்கு

வெப்பமண்டலத்தில் புது இனங்கள் வேகமாகப் பிரிகின்றன என்ற வாதத்துக்கு மிக அழகான வடிவம் கொடுத்தவர் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன். 1967இல் அவர் எழுதியது இது: வெப்பமண்டலத்தில் மலைக் கணவாய்கள் அதிக உயரமானவை. மீட்டர்க் கணக்கில் அல்ல, உயிர்கள் உணரும் கணக்கில். மிதவெப்பமண்டலப் பள்ளத்தாக்கில் வாழும் பூச்சி கோடையில் சூட்டையும் குளிர்காலத்தில் உறைபனியையும் தாங்கிப் பழகியது. மலை உச்சியின் குளிர் அதற்குப் புதிதல்ல, சுலபமாகக் கடந்துவிடும். நிலநடுக்கோட்டுப் பள்ளத்தாக்கில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசம் சொற்பம். அங்கே வாழும் பூச்சிக்கு ஒரு சில டிகிரிகளுக்குள் அடங்கிய வாழ்க்கைதான் தெரியும். 3,000 மீட்டர் உயரத்தின் குளிர் அது பிறந்ததிலிருந்து காணாத ஒன்று. ஆகவே அதே உயர மலை அதற்குத் தாண்ட முடியாத சுவராகிறது. சுவரின் இருபுறமும் பிரிந்துபோன கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல், லட்சக்கணக்கான ஆண்டுகளில் தனித்தனி இனங்களாகிவிடுகின்றன.

அரை நூற்றாண்டு கழித்து, 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஓடைப் பூச்சிகளில் சோதித்தது. ஈக்வடாரின் ஆண்டிஸ் மலையோடைகளையும் அமெரிக்காவின் ராக்கி மலையோடைகளையும் ஒப்பிட்டபோது, ஆண்டிஸ் பூச்சிகள் தாங்கும் வெப்ப வரம்பு குறுகலாக இருந்தது, அவை மலை மேலும் கீழும் நகர்வதும் குறைவு. பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தவற்றின் டிஎன்ஏவைப் பார்த்தால், உயரத்துக்கு உயரம் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்திருந்தன. ஜான்சன் சொன்ன அத்தனையும் ஒரே ஆய்வில் கண்முன் வந்தது.

வெப்பம் கூடினால் வளர்சிதை மாற்றம் வேகமெடுக்கும், தலைமுறைகள் குறுகும், மரபணு மாற்றங்கள் விரைவாகும், அதனால் இனங்கள் விரைவில் பிரியும் என்று இன்னொரு வாதமும் உண்டு. தாவரங்களில் இதற்குச் சில ஆதாரங்கள் இருக்கின்றன. கடல் சிப்பிகளின் புதைபடிவங்களை டேவிட் ஜாப்லான்ஸ்கியும் குழுவினரும் ஆராய்ந்து 2006இல் சொன்னதும் தொட்டில் என்ற கருத்துக்கே வலுச் சேர்த்தது. கடந்த 1.1 கோடி ஆண்டுகளில் தோன்றிய சிப்பிப் பேரினங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் கடலில் முதலில் தோன்றி, அங்கேயும் இருந்துகொண்டு, பின்னர் துருவங்களை நோக்கியும் பரவின.

இந்த இடத்தில் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. ஜேசன் வியரும் டால்ஃப் ஷ்லூட்டரும் 2007இல் அமெரிக்கக் கண்டங்களின் பறவைகளிலும் பாலூட்டிகளிலும் மிக நெருங்கிய உறவுள்ள இன இணைகளை எடுத்து, அவை பிரிந்து எத்தனை காலமாயிற்று என்று மரபணு வழியாகக் கணக்கிட்டார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளவை பழையவை. வடக்கே போகப் போக இளையவை. அதாவது குளிர்ப் பகுதிகளில்தான் இனங்கள் விரைந்து பிரிகின்றன, விரைந்து அழியவும் செய்கின்றன. 2018இல் டேனியல் ரபோஸ்கி குழுவினர் கடல் மீன்களின் மாபெரும் குடும்ப மரத்தைத் தீட்டியபோது வந்த முடிவு இன்னும் வியப்பூட்டியது. பவளப்பாறைகளின் வண்ண மீன்களைவிட, துருவக் கடல்களின் மீன்களில் புது இனங்கள் பிரியும் வேகம் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் நீங்கவில்லை. பிறப்பு விகிதம் அதிகமாக இருக்கும் இடத்தில் எண்ணிக்கை குறைவு, பிறப்பு மெதுவாக நடக்கும் இடத்தில் எண்ணிக்கை மிகுதி. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமானால், பிறந்தவை நிலைத்திருப்பதும், சேர்ப்பதற்குக் கிடைத்த காலமும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. எல்லா உயிரினக் குழுக்களுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. சிப்பிகளும் மீன்களும் வேறு வேறு கதை சொல்கின்றன. ஆனால் புதைபடிவங்கள், மூன்று கண்டங்களின் காடுகள், பைக்கால், பறவைகளின் மரபணு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால், தராசு அருங்காட்சியகத்தின் பக்கமே சாய்கிறது.

எப்படி ஒன்றாக வாழ்கின்றன?

இனங்கள் சேர்ந்ததை வரலாறு விளக்கலாம். ஆனால் ஒரே ஹெக்டேரில் 600 இனங்கள், ஒரே ஒளிக்கும் ஒரே மண்ணுக்கும் போட்டியிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று ஒழித்துக்கட்டாமல் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவை. ராதம்ஸ்டெட் புல்வெளியில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை?

இதற்கும் ஜான்சனே ஒரு விடை சொன்னார், 1970இல். அடுத்த ஆண்டு ஜோசப் கானல் தனியாக அதே முடிவுக்கு வந்தார். தாய்மரத்தின் அடியில் பழங்கள் உதிர்கின்றன. விதைகள் குவியலாகக் கிடக்கின்றன. அந்த மரத்தின் விதைகளையே தின்று வாழப் பழகிய வண்டுகளுக்கு அது விருந்து. மண்ணில் அந்த மரத்தின் வேரைத் தாக்கும் பூஞ்சைகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. விதை வண்டுக்குத் தப்பி முளைத்தாலும், இரண்டு இலை விடுவதற்குள் தண்டின் அடி அழுகிச் சாய்கிறது. மேலே தாய்மரத்திலிருந்து இறங்கும் புழுக்கள் மிச்சமிருக்கும் கன்றுகளின் இலையைத் தீர்க்கின்றன. தாய்க்குக் கீழே பிள்ளை பிழைப்பது அரிது. ஏதோ ஒரு பறவையோ வௌவாலோ தூரமாகக் கொண்டுபோய்ப் போட்ட விதைக்கு வாய்ப்பு அதிகம். தாய்மரத்தின் அடி நிலமோ அதன் எதிரிகளால் பாதிக்கப்படாத வேறொரு மரத்துக்குக் கிடைக்கிறது. எந்த மரம் பெருகுகிறதோ அதன் எதிரிகளும் பெருகுவதால் ஒன்றே காட்டை வளைத்துக்கொள்ள முடிவதில்லை. அரிதான மரத்துக்கு அரிதாக இருப்பதே பாதுகாப்பு.

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காடுகளில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. சிறு பாத்திகளில் பூஞ்சைக்கொல்லி தெளித்தார்கள், வேறு சிலவற்றில் பூச்சிக்கொல்லி. 2014இல் வெளியான முடிவின்படி, பூஞ்சைகளை நீக்கிய பாத்திகளில் நாற்றுகளின் வகைகள் குறைந்தன. நோய் என்று நாம் வெறுக்கும் ஒன்று காட்டின் பன்மையைக் காக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் எதிரிகளின் நெருக்குதல் உண்மையிலேயே அதிகமா? இதை அளக்க ஒரு பன்னாட்டுக் குழு கையாண்ட வழி வியக்க வைக்கும் எளிமை கொண்டது. பச்சைக் களிமண் போன்ற பிளாஸ்டிசினில் புழுக்களை உருட்டிச் செய்து, ஆர்க்டிக்கிலிருந்து தென்கோளம் வரை 31 இடங்களில் இலைகளின் மேல் ஒட்டினார்கள். மொத்தம் ஏறக்குறைய 3,000 பொய்ப் புழுக்கள். சில நாள்கள் விட்டு எடுத்து, அவற்றில் பதிந்த தடங்களைப் பார்த்தார்கள். பறவை கொத்தியிருந்தால் அலகின் வடு, எலி கடித்திருந்தால் பல் வரிகள், எறும்போ வண்டோ கடித்திருந்தால் தாடையின் நுண்ணிய இரட்டைக் குழிகள். 2017இல் வெளியான முடிவு: நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கடி அதிகம். அதைக் கூட்டியவை பறவைகள் அல்ல, எறும்பு போன்ற சிறு உயிர்கள்.

ஆனாலும் இந்த விடை முழுமையானது என்று சொல்ல மாட்டேன். உலகெங்கும் நிரந்தரமாக அளக்கப்பட்டுவரும் காட்டுப் பகுதிகளை ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு, தன் இனத்தைத் தானே கட்டுப்படுத்தும் இந்த விளைவு வெப்பமண்டலத்தில் வலுவானது என்றது. அதன் புள்ளியியல் முறை பலமாக விமர்சிக்கப்பட்டது. 2024இல் மேம்பட்ட முறையோடு வந்த இன்னோர் ஆய்வு, சராசரியாகப் பார்த்தால் வெப்பமண்டலத்துக்கும் மிதவெப்பமண்டலத்துக்கும் பெரிய வேறுபாடில்லை, வெப்பமண்டலத்தின் அரிய இனங்களில்தான் விளைவு அழுத்தமாகத் தெரிகிறது என்று கண்டது. எதிரிகள் பன்மையைக் காப்பாற்றுகிறார்கள் என்பது உறுதி. பன்மையை உருவாக்கியது அவர்கள்தான் என்பதற்கு அந்த உறுதி இல்லை.

பூச்சிகளைப் பொறுத்தவரை புதிர் சற்று எளிதாகிவிட்டது. டெரி எர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களைப் பூச்சிக்கொல்லிப் புகையால் மூடி, கீழே விழுந்தவற்றில் ஏறக்குறைய 1,200 வகை வண்டுகளை எண்ணினார். அதை வைத்து 1982இல் உலகில் பூச்சி முதலிய கணுக்காலிகளில் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்றார். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனிப் பூச்சிகள் பெருமளவில் இருக்கும் என்ற ஊகத்தில் பிறந்த எண் அது. நியூகினியில் பணியாற்றிய வோய்டெக் நோவோட்னி குழுவினர் அந்த ஊகம் மிகையானது என்று காட்டினார்கள். ஐரோப்பியக் காட்டு மரங்களோடு ஒப்பிட்டபோது, ஒரே அளவு இலைப்பரப்பில் உள்ள இலைதின்னிப் பூச்சி இனங்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வெப்பமண்டலத்தில் பூச்சி வகைகள் மிகுதியாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் அங்கே மர வகைகள் மிகுதி என்பதே.

விதிக்கு அடங்காதவை

செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிகள், கடற்பறவைகள் சில, சீல்கள், தவளைக்கு உறவான அப்பலாச்சிய மலைகளின் சலமாண்டர்கள் ஆகியவை இந்தப் போக்குக்கு எதிராக நிற்கின்றன. தேனீ இனங்கள் மழைக்காட்டைவிட வறண்ட மிதவெப்ப நிலங்களில் அதிகம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி இன்னும் முக்கியமான விதிவிலக்கு. ஏறக்குறைய 90,000 சதுர கிலோமீட்டரில் 9,000 தாவர இனங்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. அது வெப்பமண்டலமும் அல்ல, காடும் அல்ல, சத்துக் குறைந்த மண்ணில் வளரும் புதர்வெளி. பனியுகங்கள் அந்தத் தென்முனையை அதிகம் அசைக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான காரணங்களுள் ஒன்று. விதிவிலக்கும் வரலாற்றின் பக்கமே சாட்சி சொல்கிறது.

சூடேறும் பூமியில்

ஜான்சன் கண்ட அதே குறுகிய தாங்கும் வரம்பு இப்போது வேறு விதமாகக் கணக்கில் வருகிறது. வெப்பமண்டலப் பூச்சிகளும் பல்லிகளும் ஏற்கெனவே தங்களால் தாங்கக்கூடிய உச்ச வெப்பத்துக்கு மிக அருகில் வாழ்கின்றன. வடக்கே நான்கைந்து டிகிரி உயர்ந்தாலும் சமாளிக்கும் உயிர் உண்டு, இங்கே ஒன்றிரண்டு டிகிரியே பெரிது. பெருவில் பான்டியகோயா என்ற மலைமுகட்டில் 1985இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017இல் அதே தடத்தில் மீண்டும் எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் வெப்பம் அரை டிகிரிகூட உயரவில்லை. ஆனாலும் பறவைகள் மலையில் மேல்நோக்கி நகர்ந்திருந்தன. முகட்டில் முன்பு சாதாரணமாகத் தென்பட்ட பல இனங்களை இம்முறை காண முடியவில்லை, ஏறுவதற்கு அவற்றுக்கு மேலே இடமில்லை.

கடலிலும் இதே நகர்வு தொடங்கிவிட்டது. 1950களிலிருந்து சேர்ந்த பதிவுகளை அலசிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பகுதியில் இன எண்ணிக்கை குறைந்து, இருபுறமும் சற்றுத் தள்ளி உயர்வதாகக் காட்டியது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலத்தின் இறுதியில் நடந்த பேரழிவுக்குப் பிறகு பூமி கடுமையாகச் சூடேறியபோது, நிலநடுக்கோட்டுக் கடல்களில் மீன் புதைபடிவங்கள் அரிதாகிப் போனதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

மிதவெப்பமண்டலத்தில் ஓர் இனம் வடக்கே நகர்ந்தால், அது விட்டுச்சென்ற இடத்துக்குத் தெற்கிலிருந்து வெப்பம் பழகிய இன்னோர் இனம் வந்து சேரும். நிலநடுக்கோட்டுத் தாழ்நிலக் காட்டிலிருந்து ஓர் இனம் மலையேறிப் போய்விட்டால் அந்த இடத்தை நிரப்ப வருவதற்கு எதுவும் இல்லை, அதைவிடச் சூடான காடு பூமியில் வேறெங்கும் இன்று கிடையாது.